கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: எதற்கு, எப்போது, ரிசல்ட் வந்த பிறகு என்ன

"டெஸ்ட் எடுத்தாச்சு, கேன்சர் இல்லையாம்" என்று ஒரு தோழி நிம்மதியாகச் சொன்னபோது நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். சில வருடம் கழித்து எனக்கே 'அப்நார்மல்' என்று ஒரு ரிப்போர்ட் வந்த பிறகுதான் அவள் சொன்னதில் இருந்த தப்பு உறைத்தது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை கேன்சரைத் தேடுவதற்காக ஏற்பட்டது இல்லை. கேன்சராக மாறக்கூடிய ஒரு நிலையோ, அந்த நிலையைக் கொண்டுவரும் வைரஸோ இருக்கிறதா என்று பல வருடம் முன்னாலேயே எட்டிப்பார்ப்பதுதான் அதன் வேலை. இது புரிந்துவிட்டால் ஏன் வருடாவருடம் எடுக்க வேண்டாம், ஏன் 20 வயதில் வேண்டாம், பாசிட்டிவ் என்றதும் ஏன் இடிந்து உட்கார வேண்டாம், சிலருக்கு இதனாலேயே ஏன் கெடுதலும் வருகிறது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்பிலிருந்து போன். "அப்நார்மல்னு வந்திருக்கு, டாக்டரைப் பாருங்க." அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அந்தப் பெண்ணுக்கு. திங்கட்கிழமை வரை நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று எனக்கே ஞாபகம் இல்லை. கடைசியில் பார்த்தால், அப்நார்மல்களிலேயே ரொம்பச் சாதாரணமான வகை, வைரஸ் டெஸ்டும் நெகட்டிவ். அந்த மூன்று நாள் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம்: ஏற்கெனவே தொந்தரவு இருந்தால்

உடலுறவுக்குப் பிறகு ரத்தம் படுகிறது, மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் வருகிறது, மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு திரும்ப ரத்தம் தெரிகிறது, நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறது, இடுப்புக்குக் கீழே விடாத வலி. இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது இல்லை, நேராக மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். "போன வருடம்தான் டெஸ்ட் எடுத்தேன், நார்மல்" என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஸ்கிரீனிங் என்பது ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. தொந்தரவு இருக்கிறவர்களுக்கு வேண்டியது நேரடிப் பரிசோதனை, தேவைப்பட்டால் பயாப்ஸி, அதாவது துளி சதையை எடுத்து லேப்பில் பார்ப்பது. பெரும்பாலும் தொற்றோ சதை வளர்ச்சியோ என்று சின்னக் காரணமாகத்தான் இருக்கும், ஆனாலும் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்.

படி 1: எதைத் தேடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, யோனிக்குள் வந்து முடிகிற இடம்தான் கர்ப்பப்பை வாய். அங்கே இரண்டு விதமான செல்கள் சந்திக்கிற ஒரு எல்லை இருக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் அந்த எல்லையைச் சுற்றித்தான் ஆரம்பிக்கிறது, அதனால் மருத்துவர் பிரஷ்ஷை வைத்துச் சுழற்றுவதும் அதே இடத்தில்தான்.

காரணம் எச்பிவி என்கிற வைரஸ். இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன, அவற்றில் ஏறக்குறைய 14 வகைகள்தான் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியவை. அதிலும் 16, 18 என்ற இரண்டு எண்கள் மட்டும் உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் என்றதும் பயப்பட வேண்டாம். உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்து போகிறது. ஜலதோஷம் மாதிரி, பெரும்பாலான தொற்றுகளை உடம்பே ஒன்று, இரண்டு வருடத்துக்குள் துரத்திவிடும். போகாமல் தங்கிவிடுகிற சிலரிடம்தான் செல்கள் மெல்ல மாற ஆரம்பிக்கின்றன. தொற்றிலிருந்து புற்றுநோய் வரை வர, நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெண்ணுக்குச் சாதாரணமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்கு, உதாரணமாகச் சிகிச்சை எடுக்காத எச்ஐவி உள்ளவர்களுக்கு, 5 முதல் 10 ஆண்டுகளிலேயே வந்துவிடலாம். புகைபிடிப்பதும் வைரஸ் தங்குவதற்கு ஒத்தாசை செய்யும்.

இந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். வேறு பல புற்றுநோய்களில் இப்படி ஒரு அவகாசமே கிடையாது. இருந்தும் 2022-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது, 3,50,000 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருமான நாட்டுப் பெண்கள்.

படி 2: உங்களுக்கு இப்போது தேவையா?

எந்த வயதில் ஆரம்பிப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் பொதுவாக 30 வயதில் ஆரம்பிக்கச் சொல்கிறது, எச்பிவி டெஸ்ட் என்றால் 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை போதும் என்கிறது. எச்ஐவி உள்ள பெண்களுக்கு 25 வயதில் ஆரம்பித்து 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை. இங்கிலாந்தில் 25-ல் அழைப்பு வருகிறது. அமெரிக்காவில் ஒரு அமைப்பு 21 என்கிறது, இன்னொன்று 25 என்கிறது. உங்கள் நாட்டு வழிமுறை எதுவோ அதைப் பின்பற்றுங்கள். ஆனால் பெரும்பாலான வழிமுறைகள் '18 வயசாச்சு, வா' என்று கூப்பிடுவதில்லை, காரணம் எளிது. இளம் வயதில் எச்பிவி ரொம்பச் சகஜம், புற்றுநோயோ ரொம்ப அரிது. அந்த வயதில் தேடினால் தானாகச் சரியாகப் போகிற மாற்றங்கள்தான் குவியல் குவியலாக அகப்படும், அவற்றுக்கு வீணாகச் சிகிச்சை நடக்கும்.

பணம் நெருக்கமாக இருக்கிறது, வாழ்நாளில் ஒன்றிரண்டு முறைதான் முடியும் என்றால்? அப்போதும் பயன் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவித்த இலக்கிலேயே 35 வயதுக்குள் ஒரு முறை, 45 வயதுக்குள் இன்னொரு முறை என்றுதான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள 1,30,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரே ஒரு முறை எச்பிவி டெஸ்ட் எடுத்த குழுவில், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த குழுவைவிட இந்த நோயால் வந்த மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஒரே ஒரு முறை!

எப்போது நிறுத்தலாம்? சுமார் 65 வயதுக்கு மேல், அதற்கு முந்தைய சோதனைகளை ஒழுங்காக எடுத்து எல்லாம் நெகட்டிவாக இருந்தால். இதுவரை எடுத்ததே இல்லை என்றால் '65 தாண்டிவிட்டது, இனி எதற்கு' என்று விடக் கூடாது, மருத்துவரிடம் பேசுங்கள்.

கர்ப்பப்பையை எடுத்தவர்கள் பலர் 'எனக்குத்தான் அதுவே இல்லையே' என்பார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில அறுவை சிகிச்சைகளில் மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வாயை விட்டுவிடுவார்கள். வாய் இருந்தால் சோதனையும் உண்டு. வாயையும் சேர்த்து எடுத்திருந்து, அதற்கு முன்னால் தீவிரமான செல் மாற்றங்கள் எதுவும் இருந்ததில்லை என்றால் தேவையில்லை. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக் காட்டுங்கள்.

அப்புறம், எச்பிவி தடுப்பூசி போட்டவர்களுக்கும் சோதனை வேண்டும். ஊசி எல்லா ஆபத்தான வகைகளையும் தடுப்பதில்லை, ஊசிக்கு முன்பே உள்ளே வந்துவிட்ட வைரஸை அது துரத்துவதும் இல்லை. மாதவிடாய் நின்றுவிட்டது, குழந்தை பெற்று இருபது வருடம் ஆச்சு, கணவர் இறந்துவிட்டார், வாழ்நாளில் ஒரே துணைதான் என்பதெல்லாம் விதிவிலக்கு ஆகாது. இதுவரை யாருடனும் எந்த விதமான உடலுறவுத் தொடர்பும் இல்லாத பெண்ணுக்கு ஆபத்து மிக மிகக் குறைவு, அதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லிவிட்டால் வேண்டுமா வேண்டாமா என்று சேர்ந்து முடிவெடுக்கலாம்.

படி 3: எந்த டெஸ்ட்?

மூன்று விதம் இருக்கிறது.

பழையது பாப் ஸ்மியர். ஜார்ஜ் பாப்பனிகொலாவ் என்ற மருத்துவர் கொண்டுவந்தது, 1940-களில் பரவியது. அவருடைய மனைவிதான் பல வருடங்கள் தன்னிடமிருந்தே மாதிரி எடுத்துக் கொடுத்தவர் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். பார்க்கிறவர் மனிதர், மாதிரி எடுக்கிறவரும் மனிதர், அதனால் தவற வாய்ப்பு உண்டு. ஒரு தனி ஸ்மியர், இருக்கிற பிரச்சினைகளில் கணிசமான பங்கைத் தவறவிடலாம், சில ஆய்வுகளில் பாதிக்குப் பாதி. மூன்று வருடத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப எடுப்பதால்தான் அந்த ஓட்டை அடைகிறது.

இரண்டாவது எச்பிவி டெஸ்ட். செல் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், ஆபத்தான வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. தீவிரமான மாற்றம் உள்ள பத்துப் பெண்களில் ஒன்பது பேருக்கு மேல் இதில் பிடிபடுவார்கள். நெகட்டிவ் என்றால் ஐந்து வருடம் தைரியமாக இருக்கலாம். குறை என்னவென்றால், தானாகப் போகப்போகிற வைரஸையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும், அதனால் பாசிட்டிவ்கள் அதிகம். 2017 டிசம்பரில் ஆஸ்திரேலியா, இரண்டு வருடத்துக்கு ஒரு பாப் என்பதை விட்டுவிட்டு ஐந்து வருடத்துக்கு ஒரு எச்பிவி டெஸ்ட் என்று மாறிவிட்டது. இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. மாதிரியை நீங்களே எடுக்கலாம். பஞ்சுக் குச்சி போன்ற ஒன்றை யோனிக்குள் விட்டுச் சில முறை சுழற்றி எடுத்துக் கொடுத்தால் போதும், நல்ல தரமான லேப் முறையில் செய்தால் மருத்துவர் எடுத்த மாதிரிக்குக் கிட்டத்தட்ட ஈடாக இருக்கிறது. கூச்சத்தாலோ பழைய கசப்பான அனுபவத்தாலோ வருடக்கணக்காகத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது விஐஏ. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய வினிகரை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிற இடம் இருக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பது. லேப் வேண்டாம், பதில் அங்கேயே கிடைக்கும். ஆனால் பார்க்கிறவரின் பயிற்சியைப் பொறுத்தே எல்லாம், மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த எல்லைப் பகுதி உள்ளே போய்விடுவதால் நம்ப முடியாது.

என் கருத்து: எச்பிவி டெஸ்ட் கிடைக்கிறது, கட்டுப்படியாகிறது என்றால் அதுதான். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கிறதை எடுங்கள். நல்லது வரும்வரை காத்திருந்து ஒன்றும் எடுக்காமல் இருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு.

படி 4: போவதற்கு முன்பு

மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து நேரம் வாங்குங்கள். இரண்டு நாள் முன்னதாகவே உடலுறவு, யோனிக்குள் வைக்கும் மாத்திரை, கிரீம், உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள் (கடைசியாகச் சொன்னதை என்றைக்குமே செய்ய வேண்டாம், தேவையே இல்லை). பாவாடை அல்லது தளர்வான உடை என்றால் முழுவதும் கழற்ற வேண்டியிருக்காது. முடியை எடுக்க வேண்டியதில்லை. அதைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது.

மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், காப்பர் டி போன்ற சாதனம் உள்ளே இருப்பது, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, முன்பு வந்த அப்நார்மல் ரிசல்ட், அந்த இடத்தில் வலியோ பழைய அதிர்ச்சியோ இருப்பது. கடைசியில் இருப்பதைச் சொல்லத்தான் நாக்கு எழாது. "எனக்கு இது கஷ்டம், மெதுவாகச் செய்யுங்கள், நான் நிறுத்துங்கள் என்றால் நிறுத்துங்கள்" என்பது போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

இன்னும் ஒன்று கேளுங்கள், இதுதான் முக்கியம்: "பாசிட்டிவ் என்று வந்தால் அடுத்து எங்கே போக வேண்டும்? இங்கேயே கால்போஸ்கோபி உண்டா?" (கர்ப்பப்பை வாயைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்ப்பதுதான் கால்போஸ்கோபி.) பதில் தெளிவாக இல்லை என்றால் யோசியுங்கள். இந்தச் சோதனையின் பலன் முழுக்க அடுத்த படியில்தான் இருக்கிறது. அந்தப் படி இல்லாத இடத்தில் எடுத்தால் கிடைப்பது பயம் மட்டும்தான். முகாம் போட்டு நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஸ்மியர் எடுத்துவிட்டு, பாசிட்டிவ் ஆனவர்களை அம்போ என்று விட்டுவிட்டால் அதை நான் சேவை என்று சொல்ல மாட்டேன்.

படி 5: அந்த ஐந்து நிமிடம்

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கால்களை அகட்ட வேண்டும். ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து மெதுவாக விரிப்பார்கள், அது ஜில்லென்று இருக்கும், ஒரு அழுத்தம் தெரியும். அப்புறம் ஒரு சின்ன பிரஷ்ஷால் சுழற்றி மாதிரி எடுப்பார்கள், அது சில விநாடிதான். மாதவிடாய் வலி போல லேசாகச் சுண்டலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இறுக்கினால்தான் வலி அதிகமாகும். வாயைத் திறந்து மெதுவாக மூச்சை விடுங்கள், புட்டத்தைப் படுக்கையில் அழுத்தி வையுங்கள், கால் விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், எனக்குப் பலித்தது. சின்ன அளவு ஸ்பெகுலம் கேட்கலாம், நீங்களே உள்ளே வைத்துக்கொள்கிறேன் என்றும் கேட்கலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு வறட்சியால் வலி கூடுதலாக இருக்கும், அவர்களுக்குச் சில வாரம் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதிக் கொடுப்பதுண்டு.

அன்றைக்கோ மறுநாளோ ஒரு சொட்டு, இரண்டு சொட்டு ரத்தம் படலாம். ஒரு நாப்கின் கையில் இருக்கட்டும். நாப்கின் நனைகிற அளவு ரத்தமோ காய்ச்சலோ வந்தால் மட்டும் திரும்பப் போங்கள், அது ரொம்ப அபூர்வம்.

படி 6: ரிப்போர்ட்டைப் படிப்பது

எச்பிவி நெகட்டிவ் என்றால் அடுத்த தேதியைக் குறித்து வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். 'மாதிரி போதவில்லை' என்று வந்தால் அது கெட்ட செய்தி இல்லை, சில மாதத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எச்பிவி பாசிட்டிவ் என்றால் எந்த வகை என்று பாருங்கள். 16 அல்லது 18 என்றால் பெரும்பாலும் நேராகக் கால்போஸ்கோபிக்கு அனுப்புவார்கள். மற்ற வகை என்றால் செல்களைப் பார்ப்பார்கள், அதில் ஒன்றும் இல்லை என்றால் ஒரு வருடம் கழித்து (சில வழிமுறைகளில் இரண்டு வருடம்) திரும்பச் சோதனை. அதற்குள் நிறையப் பேருக்கு வைரஸ் போயே போய்விடும். வைரஸைக் கொல்ல மாத்திரை எதுவும் கிடையாது, விற்கிறார்கள் என்றால் நம்பாதீர்கள்.

பாசிட்டிவ் என்றதும் வீட்டில் வெடிக்கிற கேள்வி ஒன்று உண்டு: யாரிடமிருந்து வந்தது? இந்த வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு டெஸ்டில் தலைகாட்டக்கூடியது. போன மாதம் வந்ததா, கல்யாணமான புதிதில் வந்ததா, துணைக்கு அதற்கும் முன்பே இருந்ததா என்று எந்த லேபும் சொல்ல முடியாது. இது துரோகத்துக்கான சாட்சி இல்லை, உங்கள் துரோகத்துக்கும் இல்லை, அவர் துரோகத்துக்கும் இல்லை. ஒரு வைரஸ் டெஸ்டால் குடும்பத்துக்குள் சந்தேகம் புகுந்துவிடுவதும் இந்தச் சோதனையின் பக்கவிளைவுதான், எந்தக் கையேட்டிலும் அதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை. முடிந்தால் ரிசல்ட் வருவதற்கு முன்பே வீட்டில் இதைப் பேசி வைத்துவிடுங்கள்.

பாப் ரிப்போர்ட் என்றால் எழுத்துக்கள்தான் பயமுறுத்தும். என்ஐஎல்எம் என்றால் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. ஆஸ்கஸ் என்றால் 'ஏதோ மாதிரி இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று அர்த்தம் (என் மூன்று நாள் தூக்கத்தைத் தின்றது இதுதான்). எல்எஸ்ஐஎல் என்றால் லேசான மாற்றம். எச்எஸ்ஐஎல் என்றால் தீவிரமான மாற்றம், இதைச் சேர்த்துப் படித்தால் 'எச்சில்' என்று வரும், சிரித்துவிட்டு உடனே கால்போஸ்கோபிக்கு நேரம் வாங்குங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஏஜிசி என்று வந்தாலும் அப்படியே. அது சுரப்பிச் செல்களில் வருகிற மாற்றம், அரிது, ஆனால் அலட்சியம் கூடாது.

படி 7: கால்போஸ்கோபியும் சிகிச்சையும்

பெயர்தான் பெரியது. மறுபடி ஸ்பெகுலம், வெளியே நிற்கிற ஒரு பூதக்கண்ணாடி, அசிட்டிக் அமிலம், சில சமயம் அயோடின். சந்தேகமான இடத்தில் அரிசி அளவு சதையைக் கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். சுருக்கென்று இருக்கும், சில நாள் ரத்தக் கசிவு இருக்கலாம்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் சின் (CIN) 1, 2, 3 என்று வரும், செல் மாற்றம் எவ்வளவு தீவிரம் என்பதைக் காட்டும் எண்கள் அவை. சின் 1 என்பது வைரஸின் கைவேலை, பெரும்பாலும் தானே மறையும், சிகிச்சை வேண்டாம், கவனித்தால் போதும். சின் 2 நடுவில் நிற்கிறது, ஏறக்குறைய பாதி இரண்டு வருடத்துக்குள் தானாகப் பின்வாங்குகிறது. அதனால் இனிமேல் குழந்தை பெற நினைக்கிற இளம்பெண் என்றால் உடனே வெட்டாமல் நெருக்கமாகக் கவனிக்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. சின் 3-க்குச் சிகிச்சை வேண்டும்.

சின் 3-ஐ விட்டால் என்ன ஆகும் என்று நமக்கு எப்படித் தெரியும்? இதன் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பெரிய மகளிர் மருத்துவமனை ஒன்றில், 1960-களின் நடுவிலிருந்து, 'இது கேன்சராக மாறாது' என்று நம்பிய ஒரு மூத்த மருத்துவர் பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை கொடுக்காமல் வெறுமனே கவனித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. 1987-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையால் விஷயம் வெளியே வந்து விசாரணை நடந்தது. பிற்பாடு கணக்கெடுத்துப் பார்த்தபோது, சரியான சிகிச்சை கிடைக்காதவர்களில் 30 வருடத்துக்குள் சுமார் 31 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. ஒழுங்காகச் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள், மூன்றில் இரண்டு பேருக்கு வரவில்லை. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று இன்றைக்கும் முன்கூட்டிப் பிரிக்க வழி இல்லாததால் எல்லோருக்கும் சிகிச்சை கொடுக்கிறோம். ஆகவே நல்ல கைகளில் நடந்தாலும் இதில் கொஞ்சம் மிகைச் சிகிச்சை இருக்கத்தான் செய்யும்.

சிகிச்சை இரண்டு விதம். ஒன்று, அந்த இடத்தைச் சூட்டால் பொசுக்குவது அல்லது குளிரால் உறைய வைத்து அழிப்பது. சில நிமிட வேலை, ஆனால் பயாப்ஸிக்கு ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்று லீப் எனப்படும் முறை, மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியைச் சீவி எடுப்பது. எடுத்ததை லேப்பில் பார்க்கலாம். இன்னும் உள்ளே போயிருந்தால் கோன் பயாப்ஸி, அதாவது கூம்பு வடிவில் வெட்டி எடுப்பது, அதற்கு மயக்க மருந்து தேவைப்படும். பிறகு சில வாரம் நீர்போல வெள்ளை கசியும், ஏறக்குறைய நான்கு வாரம் உடலுறவு வேண்டாம், ரத்தம் அதிகமாகப் போனால் உடனே போக வேண்டும்.

சில இடங்களில் எச்பிவி பாசிட்டிவ் அல்லது விஐஏ பாசிட்டிவ் என்றால் பயாப்ஸி இல்லாமலே அன்றைக்கே பொசுக்கிவிடுவார்கள். 'என்ன இது அவசரம்' என்று தோன்றலாம். திரும்ப வர முடியாத பெண்களுக்கு இது உயிர் காக்கிற ஏற்பாடு. உங்களால் திரும்ப வர முடியும், குழந்தையும் வேண்டும் என்றால் முதலில் பயாப்ஸி கேளுங்கள்.

அப்படியானால் கெடுதல்கள் எவை?

இதுவரை ஆங்காங்கே தூவியதைக் கொஞ்சம் சேர்த்துப் பார்ப்போம். ஸ்மியர் எடுப்பதால் உடம்புக்கு நேரடியாக வருகிற ஆபத்து கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. கெடுதல் எல்லாம் ரிசல்ட்டுக்கு அப்புறம்தான் வருகிறது. தேவையில்லாத பயம் ஒன்று. நெகட்டிவ் என்று வந்தும் உள்ளே பிரச்சினை இருப்பது இன்னொன்று, முக்கியமாகச் சுரப்பிச் செல்களில் வருகிற வகையை பாப் எளிதில் தவறவிடும். இந்தச் சோதனை சினைப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்காது, கர்ப்பப்பையின் உள்சுவரில் வருவதையும் நம்பகமாகக் காட்டாது, அதனால் 'கீழே எல்லாம் செக் பண்ணியாச்சு' என்று நினைத்துக்கொள்வதும் ஆபத்து.

குழந்தை பெறப் போகிறவர்கள் யோசிக்க வேண்டியது லீப், கோன் போன்றவற்றின் பின்விளைவு. கர்ப்பப்பை வாயிலிருந்து எவ்வளவு ஆழமாக எடுக்கிறார்களோ அந்த அளவு பிற்காலத்தில் குறைப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது. 10 மில்லிமீட்டருக்கு மேல் போனாலோ, இரண்டாம் முறை செய்தாலோ கவலை அதிகம். சிகிச்சைக்கு முன்பு "எவ்வளவு ஆழம் எடுப்பீர்கள்?" என்றும், பிறகு "எவ்வளவு எடுத்தீர்கள்?" என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கர்ப்பத்தில் அந்த எண்ணை மருத்துவரிடம் காட்டினால் கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து கவனிப்பார்கள். கருத்தரிப்பதற்கு இந்தச் சிகிச்சை பெரும்பாலும் தடையாவதில்லை, அபூர்வமாக வாய் சுருங்கிப் போவதுண்டு.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உங்களைத் தடுப்பது இல்லை. வருடாவருடம் எடுத்தால் கூடுதல் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், அதனால் கூடப்போவது பெரும்பாலும் பாதுகாப்பு இல்லை, வீண் பயாப்ஸிகள்தான் என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். 30 வயதுக்கு மேல், சரியான இடைவெளியில், தொடர் கவனிப்பு உள்ள இடத்தில் எடுத்தால் தராசு தெளிவாக நன்மை பக்கம் சாய்கிறது. 19 வயதில், வருடாவருடம், தொடர் கவனிப்பே இல்லாத இடத்தில் என்றால் அதே தராசு மறுபக்கம் போய்விடும்.

கடைசியாக, காகிதம்

சிகிச்சை எடுத்தவர்கள் வழக்கமான ஐந்து வருடக் கணக்குக்கு உடனே திரும்பக் கூடாது. முதல் சோதனை ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், அதற்கப்புறம் இடைவெளி மெல்ல நீளும், ஆனால் கவனிப்பு பல வருடங்கள் தொடர வேண்டும்.

எந்த ரிப்போர்ட்டையும் "நார்மல்" என்ற வாய் வார்த்தையோடு விட்டுவிட்டு வராதீர்கள். காகிதத்தில் வாங்கி, போனில் ஒரு போட்டோ எடுத்து, என்ன டெஸ்ட், எந்தத் தேதி, என்ன முடிவு, அடுத்தது எப்போது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். ஊர் மாறும், மருத்துவர் மாறுவார், ஐந்து வருடம் கழித்து "போன முறை எடுத்தது பாப் ஸ்மியரா, எச்பிவியா?" என்று கேட்டால் விழிக்க வேண்டியிருக்காது. என்னுடையது பீரோவில், ரேஷன் கார்டு வைக்கிற அதே கவரில் இருக்கிறது. ஆஸ்கஸுக்குப் பிறகு எடுத்தது நெகட்டிவ், அடுத்த தேதியைப் பென்சிலால் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்.